சாம்பலில் ஒரு செருப்புத் தடம்

ராக்கித்னா,
புனித திமித்ரி திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை, 1887

என் ஞானமகன் வூக்கைப் பெற்ற குமா பெத்ரியாவுக்கு, அவனைப் பாலத்து முனையில் தரையிலிருந்து தூக்கி ஞானத்தகப்பனாகி, உனக்குக் கும் ஆன ஜிவ்கோ, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. நீயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா? அதை முதலில் பார்த்தவர் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், விட்டுவிடாதே. உன் வீட்டுக்காரரை நான் விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஒரு வெட்கக்கேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூனை பிணத்தைத் தாண்டிய நேரத்தில் நான் அடுப்படியில் நின்று மீன் தின்றுகொண்டிருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை இது. என் தங்கை யகோதாவின் புருஷன் ராதுல், ஜுரம் கண்டு ஐந்தே நாளில் போய்விட்டான். நடுப்பகலில் அடக்கம். அதுவரை கூடத்தில் கிடந்த பிணத்துக்கு என்னைக் காவல் வைத்தார்கள். காவல் என்றால் பெரிய வித்தை இல்லை. பூனையோ நாயோ கோழியோ பிணத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அடுப்படியில் இழவுச் சாப்பாட்டுக்குக் கெண்டை மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்து என் காதைப் பிடித்து இழுத்தது. ஒரு துண்டு என்றுதான் போனேன். மூன்று துண்டு ஆகிவிட்டது. நான் எழுந்து போகும்போது பூனை பிணத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தது. திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. நடுவில் ராதுல்.

பூனை தாண்டிய பிணம் குழியில் கிடக்காது, இரத்தம் தேடி எழுந்து நடமாடும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்புறம் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டபோதுகூட, பெருந்தீனி தின்றேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அந்த ராதுல்தான், நீ நேநாத் என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரர்.

பக்கத்தில் முக்காலி இருந்தால் உட்கார்ந்துகொள். ஆனால் நீ மயங்கி விழுகிற ரகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஞானஸ்நான விருந்தன்று கேக் வெட்டிக்கொண்டே நீ சொன்னாயே: “சனிக்கிழமையானா அவருக்கு முதுகுவலி, கும். எழுந்திரிக்கவே மாட்டார். நான் போர்வையைப் போத்திவிட்டுட்டு கடையைப் பாத்துக்குவேன். வாரத்துல ஆறு நாள் நல்லா இருக்கற புருஷன் எத்தனை பேருக்குக் கெடைக்குது?” உன்னோடு இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே புரிந்துகொண்டேன், உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ முடிவு செய்துவைத்திருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் வியாழன் மாலை உன் கைக்கு வரும். வெள்ளி பொழுது சாயும்போது எங்கள் ஊரிலிருந்து நாலு ஆண்கள் ஒரு மாட்டுவண்டியில் உங்கள் ஊருக்கு வருவார்கள். வைக்கோலுக்கு அடியில் அவன் நெஞ்சில் அடிக்க வெண்முள் மரத்தில் சீவிய ஒரு முளையும் ஒரு சம்மட்டியும் இருக்கும். சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்குள் நுழைவார்கள். அன்றைக்கு அவனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வழி காட்டிவிட்டது, நாற்பத்தைந்து வருஷமாக நான் சோறு போட்டு வளர்க்கும் இந்த வாய்.

எப்படி என்று சொல்கிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மொத்தமாகத் திட்டு.

ராதுலைப் புதைத்த நாற்பதாம் நாள், கல்லறைக்கு வேகவைத்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனோம். தலைமாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தோண்டினார்கள். பெட்டி காலி. அன்று பொழுது சாயுமுன் யகோதாவின் வாசற்படியில் சாம்பலைத் தூவிவிட்டார்கள். வருகிறவன் பெண்டாட்டியிடம்தானே முதலில் வருவான், வந்தால் கால் பதியும். பத்து நாள் ஒன்றும் பதியவில்லை. பதினோராம் நாள் காலையில் ஒரு தடம் இருந்தது. தோல் செருப்பின் தடம், வலது கால், குதிகாலில் ஒட்டுப்போட்டது. ராதுலின் செருப்புத்தான் என்று ஊரே அடையாளம் சொன்னது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் தங்கையின் தனிமை. அவள் போடும் பாலாடைக்கட்டியை ஒருவரும் வாங்குவதில்லை. ஊற்றடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். யார் வீட்டு ஆடு செத்தாலும் அவள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. தேனீ வளர்க்கிற கவ்ரிலோ என்று ஒரு நல்ல மனுஷன், மனைவியை இழந்தவர், அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவருடைய அம்மாதான் ஒரே பிடியாக நிற்கிறாள். “மொதல்ல முளை, அப்புறம் கல்யாணம். கட்டிலுக்கு மேல ஒருத்தன், அடியில ஒருத்தன்னு என் மகன் குடித்தனம் பண்ண முடியாது.”

இப்படி மூன்றரை வருஷம் போயிற்று. இந்த வசந்தத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச, ஈயப்பெட்டியும் துருத்தியுமாக டான்யூப் கரையில் உங்கள் ஊருக்கு வந்தேன். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். பாலத்து முனையில் வழி நடுவே வெள்ளைத் துணியில் ஒரு மூட்டை. யாரோ ரொட்டியைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று ஓடினேன், என் புத்தி அப்படி. குனிந்து பார்த்தால் மூட்டை கொட்டாவி விட்டது. மதிலுக்குப் பின்னால் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு, அடுத்ததை வழியில் வைத்து முதலில் வருகிறவன் கையில் கொடுத்துச் சாவை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். வருகிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று நீ எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாயோ. வந்தது நான்.

வழியில் கிடக்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவனும், கும் உறவை மறுக்கிறவனும் எந்த ஊரிலும் மனுஷன் இல்லை. தூக்கினேன். ஓநாயின் பேர் இருந்தால் எதுவும் கிட்டே வராது என்று வூக் என்று பேர் வைத்தேன். தேவாலயத்திலிருந்து திரும்பி உன் வீட்டு விருந்தில் ஒரு தட்டு நிறைய வறுத்த பன்றிக்கறியோடு நிற்கிறேன். கடைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வருகிறார். “வாங்க கும், உக்காருங்க” என்கிறார். நான் தோள் கொடுத்துத் தூக்கிப்போன ஆள். கால்மாட்டில் வலது பக்கம் பிடித்தவன் நான். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோதுகூட அவன் முகம் அவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை. என் கையிலிருந்து தட்டு விழுந்தது. தட்டு வழுக்கிவிட்டது என்று நான் சொன்னதை நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். பாத்திரத்தோடேயே பிழைக்கிற ஈயக்காரன் கையில் தட்டு வழுக்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் கொல்லையில் முகம் கழுவப் போனேன். பின்னாலேயே வந்து நின்றான்.

“மச்சான்” என்றான். “அன்னிக்கு மீன் நல்லா இருந்துச்சா?”

பார்த்தாயா என்று கேட்டேன்.

“கண்ணுதான் மூடியிருந்துச்சு. மூக்கு வேலை செஞ்சுது.”

உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றேன். செத்தவனிடம் வேறென்ன சொல்வது? அவன் சிரித்தான். அதே சிரிப்பு, தோள் குலுங்கும், சத்தம் வராது. அப்போதுதான் எனக்குப் பயம் போயிற்று. பயம் போனதும் அழுகை வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

எப்படிப் பிழைக்கிறாய் என்று கேட்டேன். கசாப்புக் கடையைக் காட்டினான். தேவையானது தொட்டியிலேயே கிடைக்கிறது, யார் கழுத்துக்கும் போக வேண்டியதில்லை என்றான். உன்னைப் பற்றிக் கேட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: “எந்த ஊரு, என்ன பேருன்னு கேக்காம ஒருத்தி சூப் ஊத்திக் குடுத்தா மச்சான். நான் குடிக்காம வெச்சிருந்ததைப் பாத்தா. எடுத்துட்டுப் போயி, உப்பு பூண்டு ஒண்ணும் போடாம வேற கொண்டாந்து வெச்சா. ஒரு வார்த்தை கேக்கல. அவளை விட்டுட்டு எங்க போறது?”

குமா, எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். என் மனைவி எனக்கு உப்பைக் குறைத்ததாக ஞாபகமே இல்லை.

பிறகு அவன் யகோதாவைப் பற்றிச் சொன்னான். இதை உனக்குச் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாளாக என்னோடு நானே மல்லுக்கட்டுகிறேன். சொல்லிவிடுகிறேன், நீ அவனோடு வாழ்கிறவள். எழுந்த மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனானாம். “தோட்டத்து வழியா வாசப்படி வரைக்கும் போயிட்டேன் மச்சான். சாம்பல் தூவி வெச்சிருந்தாங்க. ஒரு எட்டு வெச்சா என் கால் பதிஞ்சிரும். விடிஞ்சா ஊரு அவளைச் சும்மா விடுமா? பிளம் மரத்தடியில நின்னேன். உள்ள அவ இருமினது கேட்டுச்சு. கோழி கூவறதுக்குள்ள கெளம்பிட்டேன்.”

அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். “சொல்லாத. அவ வாழட்டும். செத்தவனுக்காகக் காத்துட்டிருன்னு சொல்றதுக்கு நான் யாரு?” என்றான். வூக்கின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பினேன். ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். பாதிரியாரின் மைத்துனி பல் கட்டிக்கொண்டதை, அவள் புருஷனுக்கே நான் சொல்லித்தான் தெரியும். அப்படிப்பட்டவன் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உடம்பு இளைத்துவிட்டது. மனைவி வயிற்றில் பூச்சி என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மிலுதின் கடைக்குச் சவரத்துக்குப் போனேன். அங்கே வழக்கமான கூட்டம். மிலுதின் நுரை போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

“என்ன ஜிவ்கோ, உன் தங்கச்சி சந்தையில முழு ஈரலா வாங்கிட்டுப் போனாளாமே? ஒத்தப் பொம்பளைக்கு அவ்வளவு ஈரல் எதுக்கு?”

“கட்டிலுக்கு அடியில கெடக்கறவனுக்குப் பசிக்காதா?” என்றான் இன்னொருவன்.

“எலும்பே இருக்காதாமே எந்திரிச்சு வரவங்களுக்கு. பகல்ல மடிச்சுப் பெட்டியில வெச்சுக்குவாளோ என்னவோ.”

“மடிக்கறதா? மாவு பெசையற மாதிரி பெசஞ்சுதான் வெக்கணும்!”

கடையே அதிர்ந்தது. இந்த மாதிரிப் பேச்சை நாலு வருஷமாகக் கேட்டுச் சிரித்துச் சமாளித்தவன் நான். அன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. யகோதா ஈரல் வாங்கியது எனக்காக. நான் இளைத்துவிட்டேன் என்று. எழுந்து நின்று கத்தினேன்: “என் தங்கச்சி கட்டிலுக்கு அடியில ஒருத்தனும் இல்லடா! அவன் டான்யூப் கரையில இன்னொருத்தி கட்டில்ல கெடக்கான்! கசாப்புக் கடை வெச்சு, புள்ளையும் பெத்துட்டான்!”

மிலுதின் கையில் கத்தி அப்படியே நின்றது.

“எந்த ஊருன்னு சொன்னே?” என்றான் மெதுவாக.

“நான் ஊரு பேரே சொல்லலையே.”

“ஆத்தங்கரையில நீ ஈயம் பூசப் போற ஊரு ஒண்ணுதானே ஜிவ்கோ.”

தங்கையின் மானத்தைக் காப்பாற்றப் போய் ஞானமகனின் அப்பனைக் கொடுத்துவிட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதை எழுதும்போதும் என் முகத்தில் பாதி சிரைத்ததும் பாதி சிரைக்காததுமாகத்தான் இருக்கிறது. வேறு கடைக்குப் போக முகம் இல்லை, மிலுதின் கடைக்குப் போகக் கழுத்து இல்லை.

திங்கட்கிழமை ஊர்க் கூட்டம் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கவ்ரிலோவைக் கூப்பிட்டார்கள். தேன்கூட்டில் வேலை இருக்கிறது என்று வரமறுத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு என் தொப்பியைக் கழற்றுகிறேன். இந்தக் குளிரில் தேன்கூட்டில் என்ன வேலை?

அன்று மத்தியானம் யகோதா என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. பட்டறையில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்ணா, அந்தப் பொம்பளை எப்படி இருப்பா?” என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் இருப்பாள், மூக்குக் கொஞ்சம் பெரிசு என்றேன். மன்னித்துக்கொள் குமா, உன் மூக்கில் ஒரு குறையும் இல்லை. தங்கை முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

“கொழந்தை?”

“பையன்.”

நான் புதிதாக ஈயம் பூசிவைத்திருந்த ஒரு சட்டியை எடுத்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டியிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“நாலு வருஷமா நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்ல அண்ணா. சாம்பல் தூவினாங்களே, பத்து நாளும் அவங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். கோழிக் கால்தான் இருக்கும். பதினோராம் நாளு அவரோட பழைய செருப்பை எடுத்து நானே அழுத்தி வெச்சேன்.”

“அடிப்பாவி! ஏண்டி?”

“எல்லார் வீட்டுலயும் எந்திரிச்சவன் பொண்டாட்டியைத் தேடித்தானே வரான். கவ்ரிலோவோட பெரியம்மாவைத் தேடிக்கூட செத்த புருஷன் வந்தானாம், அவளுக்கு வாயில ஒரு பல்லு கெடையாது. எனக்கு மட்டும் வரலைன்னா ஊரு என்ன சொல்லும்? இருந்தப்பவும் புடிக்கல, செத்தும் புடிக்கலைன்னுதானே? ஒதுக்கி வெச்சா வெச்சுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். வராம இருந்தான்னு தெரியறதுக்கு அது தேவலை.”

குமா, அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. அவளிடம், அவன் வந்தான் யகோதா, பிளம் மரத்தடியில் நின்றான், நீ இருமியதைக் கேட்டுக்கொண்டு நின்றான், உன்னைக் காப்பாற்றத்தான் அந்த ஒரு எட்டை வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அவன் வைக்காத எட்டை இவள் வைத்திருக்கிறாள். இந்த இரண்டு பாதியும் இந்த உலகத்தில் என் ஒருவன் கையில்தான் இருக்கிறது. ஊரில் எவன் வீட்டுப் பசு எத்தனை கன்று போட்டது என்பதுவரை வீசி இறைத்த வாய், சொல்ல வேண்டிய ஒரே ஒரு செய்திக்கு முன்னால் பூட்டிக்கொண்டது. வூக்கின் தலைமேல் செய்த சத்தியம் ஒன்று. சொன்னால் இவள் கவ்ரிலோவை ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள் என்பது இன்னொன்று. வேறு ஒரு காரணமும் உண்டு, அது கோழைத்தனம்.

அதோடு முடியவில்லை. அடையாளம் காட்ட மனைவி வந்தால்தான் ஆகும் என்று அந்த நாலு பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். பழைய பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டால் அவனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாதாம். அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

“போயி என்ன செய்யப் போறே?” என்று கேட்டேன்.

“பாக்கணும்.”

“பாத்துட்டு?”

“கூப்பிடறதா வேணாமான்னு அப்ப முடிவு பண்ணிக்கறேன்.”

இன்று காலையில் அவள் வீட்டுப் பக்கம் போனேன். தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலியில் ஒரு முக்காடு காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு இல்லை. சிவப்புக் கரை போட்டது, கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். திரும்பி வந்துதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைக் கேள். வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைச் சாத்திவிடு. யாராவது கேட்டால் உறவில் ஒரு சாவு என்று சொல், அது பொய்யும் இல்லை. மறுகரைக்கு மாவு ஏற்றிப் போகிற படகு மத்தியானத்துக்கு முன் கிளம்பும். ஓடுகிற தண்ணீரைத் தாண்டுவது அவனுக்குக் குடலைப் பிடுங்குகிற வேதனை. மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கண்ணைக் கட்டிவிடு. தீமோக் ஆற்றையும் அப்படித்தான் தாண்டினானாம். பிள்ளையை அவன் நெஞ்சின்மேல் படுக்கவை. மறுகரையில் உங்களை யாருக்கும் தெரியாது. கசாப்புக்காரனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. சனிக்கிழமை விடியும்போது இடையில் ஆறு இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாலு பேர் வருகிறார்கள் என்று அவனிடம் சொல். யகோதா வருகிறாள் என்று சொல்லாதே. அவள் தாழ்ப்பாள் போடாமல் இருந்ததைச் சொல்லாதே. செருப்பைப் பற்றி ஒரு எழுத்தும் அவன் காதில் விழக்கூடாது. அவனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், உயிரோடும் செத்தும். இதெல்லாம் காதில் விழுந்துவிட்டால் அவன் படகுத் துறைக்கு நடக்கமாட்டான். எங்கள் ஊர்ச் சாலையில் எதிரே நடந்து வருவான், அந்த வண்டியைப் பார்த்து. அவன் யாரைத் தேர்ந்தெடுப்பான் என்று எனக்குத் தெரியாது. தேர்ந்தெடுக்கும் நிலையில் அவனை வைக்காமல் இருப்பதுதான் உனக்கு நான் செய்யக்கூடிய கும் கடமை. படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

நான் யார் பக்கம் என்று நீ கேட்பாய். கூடப் பிறந்தவள் இங்கே. ஆண்டவன் முன்னால் நான் ஏந்திக்கொண்ட பிள்ளை அங்கே. மீன் தின்ற வாயோ நடுவில். இரண்டு பக்கமும் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்காது என்று இப்போது தெரிகிறது. என் பேரை உன் வீட்டில் இனிமேல் சொல்லவேண்டாம் என்று நீ முடிவு செய்தால் நான் வருத்தப்படமாட்டேன். பிள்ளைக்கு மட்டும், பாலத்து முனையில் ஒருவன் ரொட்டி என்று நினைத்து உன்னைத் தூக்கினான் என்று எப்போதாவது சொல்.

வூக்குக்கு ஓநாயின் பல்லும், உன்னுடைய பொறுமையும், அவன் அப்பனின் சத்தமில்லாத சிரிப்பும் கிடைக்கட்டும். போகிற ஊரில் அவன் காலடி எந்த வாசலிலும் பயமில்லாமல் பதியட்டும். அவனுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வராதிருக்கட்டும். ஆற்றைத் தாண்டிவிடுங்கள், குமா. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

மன்னிப்புக்கு அருகதை இல்லாத
கும் ஜிவ்கோ, ஈயக்காரன்

பின்குறிப்பு: ஞானஸ்நானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது நீ ஒரு சிலுவைக் குறி போட்டாய். பக்கத்தில் நின்று உன் பேரை எழுதியவன் அவன். உன் வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.